காய்ச்சல் போன பிறகும் உடம்பு திரும்பவில்லையா? மலையகத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொவிட், டெங்கு, சிக்குன்குனியா, அல்லது துண்டில் வெறுமனே 'வைரல் ஃபீவர்' என்று எழுதிக் கொடுத்த ஏதோ ஒன்று. எதுவாகவும் இருக்கட்டும், காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று மாதம் ஆகிவிட்டது. ஆனால் லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து) ரோட்டுக்கு ஏறுவதற்குள் இரண்டு தரம் உட்கார வேண்டியிருக்கிறது. இரவு முழுக்கத் தூங்கி எழும்பினாலும் தூங்கிய மாதிரி இல்லை. சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு எதற்கு வைத்தோம் என்று மறந்துபோகிறது. இரத்தம் சோதித்தால் எல்லாம் நோர்மல் என்கிறார்கள். வீட்டில் "வேலைக்குப் போக மனசில்லை" என்ற பேச்சு வேறு.

இப்படி இருப்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் எழுதியது இது. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. இந்த நோயில் பலருக்கு உடம்பு விழுவது வேலை செய்த அன்று அல்ல. மறுநாள், சில வேளை அதற்கும் மறுநாள். டொக்டர் உங்களைப் பார்ப்பது நீங்கள் எழுந்து, உடுத்தி, பஸ் ஏறி வரக்கூடிய நாளில். கங்காணி பார்ப்பது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நீங்கள் வந்து நிற்கும் நாளில். படுத்தே கிடக்கும் நாள் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய வேலையில் பாதி, அந்த மறுநாளை மற்றவர் பார்வைக்குக் கொண்டுவருவது.

இது என்ன நோய்?

கொவிட்டுக்குப் பிந்திய நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபரில் ஒரு வரைவிலக்கணம் கொடுத்தது: கொவிட் தொடங்கி மூன்று மாதமளவில் காணப்படுகிற, குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கிற, வேறு நோயைக் காட்டி விளக்க முடியாத அறிகுறிகள். களைப்பு, மூச்சு வாங்கல், ஞாபகமும் கவனமும் மங்குவது ஆகிய மூன்றும் அதில் முன்னால் நிற்பவை. கொவிட் வந்த 100 பேரில் சுமார் 6 பேருக்கு இது வருகிறது என்பது அந்த நிறுவனத்தின் அண்மைய கணிப்பு. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்துக் கிடந்தவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். வீட்டிலேயே கொத்தமல்லி குடித்துத் தேறியவருக்கும் வரும்.

கொவிட் கொண்டுவந்த புதுமையும் அல்ல இது. அவுஸ்திரேலியாவின் டப்போ என்ற ஊரில் மூன்று வெவ்வேறு தொற்றுக் காய்ச்சல் வந்த 253 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2006இல் வெளியானது. ஆறு மாதம் கழித்தும் 12 சதவீதமானோர் களைப்பு, உடல்வலி, மறதியோடு இருந்தார்கள். முக்கியமானது அடுத்த விஷயம். யாருக்கு இப்படி நீடிக்கும் என்பதைக் காட்டியது ஆளின் மனநிலை அல்ல, முதல் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக அடித்தது என்பதுதான். "நீ மனசைத் திடப்படுத்திக்கொள்" என்று யாராவது அறிவுரை சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிக்குன்குனியாவின் வழி கொஞ்சம் வேறு. அது மூட்டில் போய் உட்காரும். 2006இல் இலங்கையில் பெரிதாகப் பரவியது, 2025இல் திரும்பவும் வந்தது. நுவரெலியாவின் குளிரில் நுளம்பு குறைவுதான், ஆனால் கொழும்பிலும் கண்டியிலும் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது அந்த வலியையும் கொண்டுவருகிறார்கள். காலையில் விரல் மடங்காத வலி மாதக்கணக்கில் இழுக்கும். டெங்குவுக்குப் பிறகு வரும் களைப்பு பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும், சிலருக்கு மட்டும் மாதங்கள் ஆகும்.

படி 1: காத்திருக்கக் கூடாதவை

நெஞ்சை அழுத்தும் வலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவது, உதடு நீலம் பாரிப்பது, வாய் கோணுவது அல்லது ஒரு பக்கக் கைகால் விழுவது, மயங்கி விழுவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இருமலில் இரத்தம். இவற்றுக்கு கிளினிக் திகதி பார்க்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிசனையும் சொல்லுங்கள். ரோடு மோசம் என்றால் அம்புலன்ஸ் வந்து நிற்கக்கூடிய சந்தி எது, அதுவரை ஆளைக் கொண்டுபோக யாருடைய ஆட்டோ என்பதை இன்றைக்கே பேசி வையுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளலாம் போன்ற எண்ணம் வந்தால் அதுவும் அவசரம்தான். தேசிய மனநல உதவி எண் 1926.

படி 2: கொப்பி

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். இரண்டு வாரம் எழுதுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம், எழுதுவதும் களைப்புத்தான். என்ன வேலை செய்தேன், எப்படித் தூங்கினேன், உடம்பு எப்படி இருந்தது. அவ்வளவுதான்.

கொழுந்தெடுக்கும் ஒரு அக்கா இப்படி எழுதி வைத்திருந்தார்:

திங்கள்: முழு நாள், 14 கிலோ. இரவு ஒன்றும் இல்லை.
செவ்வாய்: பகலில் தலை பாரம், தொண்டை கரகரப்பு. அரை நாளோடு வந்துவிட்டேன்.
புதன்: எழும்ப ஏலாது. சமைத்தது மகள்.
வியாழன்: படுக்கை.
வெள்ளி: பரவாயில்லை. உடுப்பு எல்லாம் கழுவினேன்.
சனி: தலை பாரம், உடம்பு முறிச்சல்.

ஒவ்வொரு தடவையும் 'புதுசாகத் தடிமன் பிடிக்கிறது' என்றே அவர் எண்ணியிருந்தார். வரிசையாக வாசித்தால்தான் கோலம் தெரிகிறது: முழு நாள் வேலை, அடுத்து விழுதல், கொஞ்சம் தேறியதும் ஒரு வாரத்து உடுப்பு, மறுபடி விழுதல். உழைப்புக்குப் பிந்திய சரிவு என்று இதைச் சொல்லலாம். வழக்கமாக 12 முதல் 48 மணி நேரம் கழித்து வரும், நாட்கணக்கில் நிற்கும். உடலால் உழைத்தால் மட்டுமல்ல, மனத்தால் உழைத்தாலும் வரும். கணக்குப் பார்ப்பது, சண்டை, துக்கவீட்டில் இரவு முழுக்க இருப்பது எல்லாம் சேர்த்தி.

தோட்டத்தில் வேலை செய்பவருக்கு இன்னொரு சாட்சியும் கைவசம் உண்டு. சம்பளத் துண்டு. நோய்க்கு முந்திய மாதங்களில் எத்தனை பேர் (அதாவது வேலை செய்த நாள்) விழுந்தது, பிந்திய மாதங்களில் எத்தனை, கிலோ எவ்வளவு என்று அதில் இருக்கும். அது நீங்கள் எழுதியது அல்ல, தோட்டத்தின் வருகைப் பதிவான செக்ரோலிலிருந்து வந்தது. அதை 'மனப்பிரமை' என்று யாரும் தள்ள முடியாது. ஆறு மாதத் துண்டுகளைக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: எங்கே போவது

தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவர் பெரும்பாலும் வைத்திய உதவியாளர். பிரஷர் பார்ப்பார், காய்ச்சலுக்கும் வலிக்கும் மருந்து தருவார், கடிதம் தருவார். இந்த நோயை அவர் தலையில் கட்டிவிட்டுக் காத்திருப்பதில் பலனில்லை. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பெடுக்கும் வேலை 1990களில் தொடங்கி இன்னும் அரைகுறையாகத்தான் நிற்கிறது என்பதால், ஒரு தோட்டத்தில் கிடைப்பது அடுத்த தோட்டத்தில் கிடைக்காது.

நல்ல காலம், இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போக யாருடைய அனுமதியும் தேவையில்லை. அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலைக்குப் போகலாம், நேரே ஆதார வைத்தியசாலைக்கும் போகலாம். ஹட்டன் பக்கத்தவர்களுக்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. இந்திய உதவியில் கட்டிய அதன் புதிய கட்டடம் 2017இல் திறக்கப்பட்டது. அதற்கு மேலே நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை, பதுளை போதனா வைத்தியசாலை, கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை. நீங்கள் கேட்க வேண்டியது 'மெடிக்கல் கிளினிக்'குக்கு ஒரு கடிதம். பொது மருத்துவ நிபுணர் பார்க்கும் இடம் அதுதான். மூட்டு வலி முதன்மை என்றால் வாத நோய்ப் பிரிவு.

சனல் பண்ணி ஒரு நிபுணரைப் பார்ப்பது தப்பில்லை. ஆனால் காசு கொடுத்துப் பார்க்கும் முன் அதே டொக்டர் எந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் எந்த நாளில் கிளினிக் வைத்திருக்கிறார் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் வைத்திருப்பார். இது வருடக்கணக்கில் போகக்கூடிய நோய், ஒவ்வொரு மாதமும் சனல் காசு கொடுத்துக் கட்டாது.

கிளினிக் நாளே ஆளை விழுத்தும் என்பதையும் கணக்கில் எடுங்கள். விடியற்காலை எழும்பி, பஸ்ஸில் நின்று, நம்பருக்காக மணிக்கணக்கில் காத்திருந்தால் அடுத்த மூன்று நாள் போச்சு. முதல் நாளும் மறுநாளும் வேலை வைக்காதீர்கள். நம்பர் எடுக்க வீட்டில் ஒருவரை முன்கூட்டி அனுப்புங்கள். வெளி வாங்கில் இடம் கேட்டுப் படுக்க வெட்கப்பட வேண்டாம். 2020 ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினார்கள். அப்போது முடிந்தது இப்போதும் முடியாத காரியமல்ல. நடமாட முடியாதவருக்கு மருந்தை வீட்டார் வந்து எடுக்கலாமா என்று கிளினிக் தாதியிடம் கேட்டுப் பாருங்கள்.

படி 4: முதலில் மற்ற நோய்களைக் கழிப்பது

'கொவிட்டுக்குப் பிறகு இப்படித்தான்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதும் ஆபத்து. குணப்படுத்தக்கூடிய நோய் ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கலாம். குறைந்தது இவற்றைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்: முழு இரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து அளவான ஃபெரிட்டின், சீனி, தைரொயிட், ஈரல், சிறுநீரகம், அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் அல்லது சீஆர்பி, சிறுநீர், ஈசீஜி, மூச்சுத் தொல்லை என்றால் நெஞ்சு எக்ஸ்ரே. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை கட்டாயம். அது இலவசம், மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் செய்வார்கள்.

நம் பெண்களிடம் இரத்தசோகை மிகுதி. களைப்புக்கும் மூச்சு வாங்கலுக்கும் அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். இரும்புக் குளிசை கொடுத்தும் ஏறவில்லை என்றால் தேத்தண்ணீரைப் பாருங்கள். தேயிலையின் டனின் இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தடுக்கிறது. குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேத்தண்ணீர் வேண்டாம், தேசிக்காய்த் தண்ணீரோடு குளிசையைப் போடலாம். தேயிலை மலையில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனால் செய்து பாருங்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு, இதை அநேகமாக யாரும் செய்து பார்ப்பதில்லை. அமைதியாக ஐந்து நிமிடம் படுத்திருந்து, போன் கடிகாரத்தைப் பார்த்து நாடித்துடிப்பை எண்ணுங்கள். பிறகு எழுந்து, சாயாமல், பேசாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் பக்கத்தில் ஒருவர் எண்ணி எழுதட்டும். தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். படுத்திருந்ததைவிட நிற்கும்போது துடிப்பு 30க்கு மேல் கூடி அப்படியே நின்றால் (பதின்ம வயதினருக்கு 40) அந்தத் தாளை டொக்டரிடம் காட்டுங்கள். எழுந்து நிற்கும்போது இதயம் தேவைக்கு மேல் ஓடும் பொட்ஸ் என்ற நிலையாக இருக்கலாம். படுத்த நிலையில் எடுத்த ஈசீஜியில் அது தெரியாது. இதற்கு வழி உண்டு: தண்ணீர் கூடுதலாகக் குடிப்பது, பிரஷர் இல்லாதவருக்கு டொக்டர் சம்மதத்தோடு உப்புக் கூட்டுவது, இறுக்கமான காலுறை, மெதுவாக எழும்புவது, தேவைப்பட்டால் மருந்து.

விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் பலரிடம் கொவிட் காலத்தில் வாங்கியது கிடக்கும். குளிர்ந்த விரலில் வைத்தால் அது கண்டபடி காட்டும், கையைச் சூடாக்கிக்கொண்டு வையுங்கள். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரம். அங்கே நல்ல சுகமாக உள்ளவருக்கும் கொழும்பைவிட ஓரிரு புள்ளி குறையலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். உங்கள் வழக்கமான எண்ணிலிருந்து நடந்த பிறகு 3 புள்ளி அல்லது அதற்கு மேல் இறங்கினால் டொக்டருக்குச் சொல்ல வேண்டும். 92க்குக் கீழே நின்றுவிட்டால் ஆஸ்பத்திரி.

படி 5: ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிப்பது

டொக்டருக்கு உங்களோடு இருக்கும் நேரம் அவ்வளவுதான், வெளியே நூறு பேர். "களைப்பு டொக்டர்" என்று தொடங்கினால் விட்டமின் எழுதித் தருவார். இப்படித் தொடங்குங்கள்: "இன்ன மாதம் கொவிட் வந்தது. அதற்கு முன் மாதம் இத்தனை நாள் வேலை, இப்போது இத்தனை நாள். வேலை செய்த மறுநாள் விழுகிறேன்." பிறகு கொப்பியில் ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். முழுக் கொப்பியையும் நீட்டினால் பார்க்க மாட்டார்.

தமிழ் தெரியாத டொக்டர் என்றால் மொழிபெயர்க்கப் பக்கத்தில் இருப்பவர் "மகன்சி" (களைப்பு) என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். இந்த நாலு சிங்கள வசனத்தையும் பாடமாக்கி வைத்துக்கொள்ளலாம்:

"வெட கலாட்ட பஸ்ஸெ, பஹுவதா தமய் அமாரு." வேலை செய்த பிறகு, மறுநாள்தான் கஷ்டம்.
"நெகிட்டாம ஒலுவ கெரகெனவா." எழும்பினால் தலை சுற்றுகிறது.
"கந்த நகினகொட்ட ஹதி." மலை ஏறும்போது மூச்சு வாங்குகிறது.
"உதேட்ட ஹந்தி ரிதெனவா." காலையில் மூட்டு வலிக்கிறது.

வெளியே வரும் முன் ஒன்று கேளுங்கள்: கிளினிக் கொப்பியில் அல்லது டயக்னோசிஸ் கார்டில் 'கொவிட்டுக்குப் பிந்திய நிலை' அல்லது 'சிக்குன்குனியாவுக்குப் பிந்திய மூட்டழற்சி' என்று எழுத முடியுமா என்று. கொவிட்டுக்குப் பிந்திய நிலைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் யூ09.9 என்ற குறியீடே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வேறு டொக்டர் பார்க்கும் நம் கிளினிக்குகளில், எழுதிய நோய் நிற்கும், சொன்ன நோய் அன்றோடு போய்விடும்.

படி 6: பெலத்தை அளந்து செலவழிப்பது

இந்த நோய்க்கு இன்றுவரை அங்கீகரித்த மருந்து இல்லை. வைரஸ் எதிர்ப்பு மருந்தான பக்ஸ்லோவிட்டை 15 நாள் கொடுத்துப் பார்த்த அமெரிக்கப் பரிசோதனையிலும் பலன் தெரியவில்லை. கையில் இருப்பதில் பெரியது, விழாமல் பார்த்துக்கொள்வது.

தீபாவளி முற்பணம் எப்படி? கையில் வாங்கும்போது சந்தோஷம், பிறகு மாதா மாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள். கொஞ்சம் தேறிய நாளில் மிச்சம் கிடந்த வேலையை எல்லாம் செய்து முடிப்பதும் அதேதான், வெட்டு அடுத்த மூன்று நாளில் வரும். எனவே நல்ல நாளில்தான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். சொல்வது எளிது, செய்வது இந்த வழிகாட்டியிலேயே கஷ்டமான காரியம்.

எங்கே தொடங்குவது? கொப்பியில் நீங்கள் விழாமல் இருந்த நாட்களைப் பாருங்கள். அன்று செய்த வேலையின் அளவே உங்கள் எல்லை. அதில் முக்கால்வாசியை மட்டும் தினமும் செய்யுங்கள், நல்ல நாளிலும் அதற்கு மேல் வேண்டாம். களைத்த பிறகு அல்ல, களைக்கும் முன் ஓய்வு. பத்து நிமிடம் கண்ணை மூடிப் படுப்பதுதான் ஓய்வு, போன் பார்ப்பது ஓய்வில் சேராது. ஏற்றத்தில் பேசிக்கொண்டே ஏற முடியவில்லை என்றால் அந்த வேகம் உங்களுக்கு அதிகம்.

வீட்டில்: மரக்கறி வெட்டுவது, பாத்திரம் கழுவுவது பலகைக்கட்டையில் உட்கார்ந்து. உடுப்பு ஒரு நாளைக்கு நாலு உருப்படி, ஒரே நாளில் ஒரு கூடை அல்ல. தண்ணீர் தூக்குவதை முழுதாக வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆண்பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் கை இருக்கிறது.

மலையில் நிலைமை வேறு. 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், அது குறைந்தால் அரைப் பேர். நாள் சம்பளத்தில் பிழைப்பவரிடம் 'ஓய்வெடுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவது மருத்துவமே அல்ல. செய்யக்கூடியது இவ்வளவு. கிளினிக் டொக்டரிடம் 'இலகு வேலை' என்று கடிதம் வாங்குங்கள். "ஓய்வு தேவை" என்று பொதுவாக எழுதினால் தோட்டத்தில் எடுபடாது. எவ்வளவு நேரம், பாரம் தூக்கக்கூடாது, செங்குத்தான மலை வேண்டாம், எத்தனை மாதம் என்று விபரமாக இருக்க வேண்டும். கடிதத்தின் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள். தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிப்போனால் நல்லது, சந்தா எதற்குக் கட்டுகிறோம்? நர்சரி, பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பரா, ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) உட்கார்ந்து பொறுக்கும் வேலை, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்து மலை என்று கேட்பதற்கு இடம் உண்டு. இரண்டு நாள் தொடர்ந்து வந்து மூன்று நாள் விழுவதைவிட, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தால் மாதக் கடைசியில் பேர் கூடுதலாக விழுந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். கங்காணியிடம் இதைச் சம்பளத் துண்டோடு பேசுங்கள், அவருக்கும் ஆள் கணக்கு வேண்டும்.

ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உழைத்த மறுநாள் சரிவு வராதவர், நீண்ட படுக்கையால் வெறுமனே பெலம் குறைந்தவர் என்றால், மெல்ல மெல்ல நடையைக் கூட்டுவது நல்லதே. சரிவு வருபவருக்கு 'கஷ்டப்பட்டாவது உடற்பயிற்சி செய்' என்பது தீங்கு. யாராவது அப்படிச் சொன்னால், டொக்டரே ஆனாலும், கொப்பியைக் காட்டுங்கள்.

படி 7: தனித்தனித் தொல்லைகள்

மூச்சு: விறகடுப்புப் புகைதான் இங்கே முதல் எதிரி. கூரைக்கு ஒரு புகைப்போக்கி, அல்லது சமைக்கும்போது நோயாளி வெளியே. மூச்சு முட்டினால் முன்னால் சாய்ந்து முழங்காலில் கையை ஊன்றி, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள்.

மூட்டு: சிக்குன்குனியா வலி மூன்று மாதம் தாண்டினால் வாத நோய் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். சிலருக்கு அது முடக்குவாதம் மாதிரியே மாறுகிறது, அதற்கு வேறு மருந்து இருக்கிறது. காலையில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையை வைத்து விரலை மடக்கி நீட்டுங்கள்.

மறதி: ஒரே நேரத்தில் ஒரு வேலை. அடுப்புக்கு போன் அலாரம்.

மணமும் ருசியும்: கறுவா, ஏலம், கராம்பு, தேசித்தோல் என்று நாலை எடுத்து, காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் இருபது வினாடி கவனமாக முகர்ந்து பாருங்கள், மாதக்கணக்கில். நம் சமையலறையில் எல்லாமே இருக்கிறது. மணம் திரும்பும் வரை காஸ் கசிவையும் பழுதான சோற்றையும் வேறொருவர் பார்க்கட்டும்.

மனம்: இந்த நோயால் மனச்சோர்வு வரும், அதற்கு மருந்தும் பேச்சும் உதவும். மனநல கிளினிக்குக்கு அனுப்பினால் அவமானமாக எடுக்காதீர்கள். ஆனால் அங்கே அனுப்பியதோடு மற்றச் சிகிச்சையை நிறுத்தினால் அதைக் கேள்வி கேளுங்கள்.

காசைக் கொட்ட வேண்டாத இடங்கள்

டவுனில் சில டிஸ்பென்சரிகளில் பெயரில்லாத கடதாசி உறையில் வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என்று குளிசை தருவார்கள். போட்ட அன்று பறக்கும், நிறுத்தினால் விழும். உள்ளே ஸ்டீரொயிட் இருக்கலாம். மாதக்கணக்கில் போட்டால் சீனி, பிரஷர், எலும்புத் தேய்வு. குளிசையின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் அங்கே போகாதீர்கள். 'பெலத்துக்கு' சேலைன் ஏற்றுவதும் அப்படித்தான், நீரிழப்பு இல்லாத ஆளுக்கு அது உப்புத் தண்ணீர்.

கசாயம், ஐந்து மூலிகை சேர்ந்த பஸ்பங்குவ, இஞ்சி எல்லாம் இதமாக இருக்கும், குடியுங்கள். குணமாக்கும் என்று காசு கேட்டால் எழுந்து வாருங்கள். 2020 டிசம்பரில் கேகாலையில், கொவிட்டைக் குணமாக்கும் என்று சொல்லி ஒருவர் கொடுத்த பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் வரிசை கட்டினார்கள். அப்போதைய சுகாதார அமைச்சரே அதைக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்குக் கொவிட்.

சுகாதாரத் துறைகள் என்ன செய்தன

இதில் பணக்கார நாடுகளின் கணக்கும் சுத்தமானதல்ல. 1955இல் லண்டனின் ரோயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் ஊழியர்கள் 292 பேர் ஒரு மர்ம நோயில் விழுந்து ஆஸ்பத்திரியையே மூட வேண்டியதாயிற்று. பலர் நீண்ட காலம் தேறவில்லை. 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள், நோயாளிகளை நேரில் பரிசோதிக்காமல், பழைய பதிவுகளைப் பார்த்தே 'இது கூட்டு ஹிஸ்டீரியா' என்று எழுதினார்கள். விழுந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த ஒரு முடிவின் நிழல் பல பத்தாண்டுகள் நீண்டது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி நிறுவனமான நைஸ் 2007இல் இப்படிப்பட்ட நோயாளிகளுக்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது, 2021இல்தான் அதை விலக்கிக்கொண்டது. 'நெடுங்கொவிட்' என்ற கருத்தையே 2020இல் நோயாளிகள்தான் சமூக ஊடகத்தில் எழுப்பினார்கள், மருத்துவம் பின்னால் வந்தது. அதன் பிறகு இங்கிலாந்து அதற்கென்றே கிளினிக்குகளைத் திறந்தது. அமெரிக்கா ஆராய்ச்சிக்கு நூறு கோடி டொலருக்கு மேல் ஒதுக்கியது, 2021இல் இது இயலாமையாகவும் கருதப்படலாம் என்று அறிவித்தது.

நமக்கும் ஒரு தனிக் கிளினிக் வேண்டும் என்று கேட்பது கேட்க நன்றாக இருக்கும். கொழும்பில் அதைத் திறந்து வைத்தால் மஸ்கெலியாவிலிருந்து போய் வரும் பயணத்திலேயே ஆள் விழுந்துவிடுவார். என் பார்வையில் இங்கே தேவை வேறு, செலவும் குறைவு. இருக்கிற மெடிக்கல் கிளினிக்கில் ஒரே டொக்டர் தொடர்ந்து பார்ப்பது. நேரம் குறித்துக் கொடுப்பது. தமிழில் விசாரிக்க ஒருவர். வீடு வீடாகப் போகும் குடும்பநல மாதுக்கு, "வேலை செய்த மறுநாள் எப்படி இருக்கிறது?" என்ற ஒரு கேள்வியைச் சொல்லிக் கொடுப்பது. லயத்துக்குள் வந்து போகும் ஒரே சுகாதார ஊழியர் பல இடங்களில் அவர்தான். இலகு வேலைக் கடிதத்தை எல்லாத் தோட்டங்களும் ஒரே மாதிரி ஏற்க வைப்பது தொழிற்சங்கங்களின் பொறுப்பு. சம்பளப் பேச்சில் அதையும் மேசையில் வைக்கலாம்.

பிள்ளைகள்

பிள்ளைகளுக்கும் வரும், குறைவாக. படிப்பில் திடீரென்று பின்தங்குவது, பின்னேரம் வந்து அப்படியே படுப்பது, எழுந்தால் தலை சுற்றுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். வகுப்பாசிரியரிடம் கடிதம் கொடுத்து அரை நாள் பாடசாலையில் தொடங்கலாம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சியில் வெயிலில் நிற்க வைப்பதிலிருந்து கட்டாயம் விலக்குக் கேளுங்கள்.

படி 8: முழுப் பேருக்குத் திரும்புவது

இரண்டு வாரம் ஒரு சரிவும் இல்லாமல் போனால் ஒரே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். நாளைக் கூட்டுவதா, மணித்தியாலத்தைக் கூட்டுவதா, இரண்டில் ஒன்றை மட்டும். பாரமும் ஏற்றமும் கடைசி. அடுத்த இரண்டு வாரம் பாருங்கள், விழுந்தால் பழைய அளவுக்குப் போங்கள். பலர் முதல் வருடத்தில் தேறுகிறார்கள், சிலருக்கு வருடங்கள் ஆகின்றன.

திரும்பத் தொற்றாமல் இருப்பதும் சிகிச்சையில் சேரும். கொவிட் தடுப்பூசி இந்த நிலை வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. கூட்டமான பஸ்ஸில் முகக்கவசம் போடுங்கள். பீப்பாய், டயர், தகரத்தில் தேங்கும் தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள். ஒரு தடவை டெங்கு வந்தவருக்கு வேறு வகை டெங்கு இரண்டாம் முறை வந்தால் கடுமையாகலாம். ஆகவே புதிதாகக் காய்ச்சல் வந்தால் பழைய களைப்பு என்று படுத்துக் கிடக்காதீர்கள். பரசிட்டமோல் மட்டும் போடுங்கள். அஸ்பிரின், இபுபுரொஃபன், டைக்குலோஃபெனக் வேண்டாம், மூட்டு வலிக்கு வழக்கமாகப் போடுகிறவரும் அதை நிறுத்திவிட்டு டொக்டரைக் கேட்க வேண்டும். மூன்றாம் நாளுக்குள் இரத்தம் சோதித்துவிடுங்கள்.